இரண்டு மலை, ஒரு சூரியன்

உங்கள் வீட்டில் எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தை ஒன்று இருந்தால், இந்தப் பக்கத்தை மேலே படிப்பதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளையும் பென்சிலையும் கையில் கொடுத்து, "ஓர் இயற்கைக் காட்சி வரை, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் படம் முடிந்துவிடும். அது என்ன படம் என்று நான் இங்கிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு முக்கோண மலைகள். இரண்டுக்கும் நடுவில் பாதிச் சூரியன். அந்தச் சூரியனிலிருந்து சீப்பின் பல் மாதிரி கிரணங்கள். மலைகளின் இடுக்கிலிருந்து ஓர் ஆறு புறப்பட்டு, வரவர அகலமாகி, தாளின் அடிவிளிம்பில் வந்து விழும். இடது கைப் பக்கம் ஒரு குடிசை. வலது கைப் பக்கம் சற்றே வளைந்த ஒரு தென்னை மரம். ஆகாயத்தில் மூன்று என்ற எண்ணைக் கவிழ்த்துப் போட்டது போல நாலைந்து பறவைகள். குழந்தை கொஞ்சம் தாராள மனசு உள்ளதாக இருந்தால் ஆற்றில் ஒரு படகும் உண்டு.

இதற்குப் பெயர் "சீனரி". கன்னியாகுமரிக் கடற்கரையில் இருக்கும் குழந்தையும் இதைத்தான் வரைகிறது. சென்னையில் எட்டாவது மாடியில் வசிக்கும் குழந்தையும் இதைத்தான் வரைகிறது. திருச்சிக் குழந்தைக்குக்கூட இதைத் தவிர வேறொன்று தெரியாது. என் ஆத்திரத்துக்குக் காரணம் அந்தத் திருச்சிக் குழந்தைதான்.

திருச்சிராப்பள்ளியில் வளரும் குழந்தை, மலை என்றால் என்ன என்று எவரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. ஊருக்கு நடுவிலேயே சுமார் 83 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை நிற்கிறது. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும், கடைத்தெருவில் நிற்கும்போதும், ரயிலில் ஊர் திரும்பும்போதும் அது கண்ணில் படுகிறது. அந்த மலை முக்கோணமா? இல்லவே இல்லை. மண்டியிட்டுப் படுத்த யானை மாதிரி திரண்டு, ஒரு பக்கம் சரிந்து, ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கி, உச்சியில் பிள்ளையாரைச் சுமந்துகொண்டு இருக்கிறது அது. 1792-ஆம் வருஷம் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு வெள்ளைக்கார ஓவியர்கள் இந்த ஊருக்கு வந்து இந்த மலையை வரைந்துகொண்டு போனார்கள். எங்கிருந்தோ கப்பலேறி வந்த அந்நியர்களின் கண்ணுக்கு மலை, மலையாகத் தெரிந்தது. அதன் நிழலிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளையோ இரண்டு முக்கோணம் போடுகிறான். அதிலும் சில பிள்ளைகள் முக்கோணத்தின் நுனியில் வெள்ளையாகப் பனி வேறு தீட்டுகிறார்கள்! திருச்சியின் சித்திரை வெயிலில் பனி!

"குழந்தைகள் ஏதோ விளையாட்டாக வரைகின்றன. இதற்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று நீங்கள் கேட்கலாம். விளையாட்டாக வரைந்தால் எனக்குக் கோபமே வராது. நாலு வயதுக் குழந்தை சுவரில் கிறுக்குவதைப் பாருங்கள்; அப்பாவுக்கு ஆறு விரல் போடும், பசுமாட்டுக்குச் சிரிப்பு வைக்கும், பாட்டியை வீட்டைவிடப் பெரிதாகப் போடும். அதெல்லாம் அதன் சொந்தச் சரக்கு. வியன்னா நகரத்தில் பிரான்ஸ் சிசெக் என்பவர் 1897-ஆம் வருஷத்தில் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு சித்திர வகுப்பு நடத்தத் தொடங்கியபோது, அவர் கண்டு உலகத்துக்கு எடுத்துச் சொன்னதும் அதுதான்: குழந்தைக்குச் சொந்தமாக ஒரு பார்வை உண்டு, பெரியவர்கள் குறுக்கே விழாமல் இருந்தால் போதும். ஆனால் சீனரி குழந்தையின் சரக்கு அல்ல. அது நாம் கொடுத்தது. நாம் போட்டுக் காட்டி, "இப்படிப் போடு, அழகாக இருக்கும்" என்று கையைப் பிடித்துச் சொல்லி, போட்டியில் அதற்கே பரிசும் கொடுத்து, ஆறு வயதுக்குள் அந்தக் குழந்தையின் கண்ணை இறுக்கக் கட்டிவிட்டோம். இப்போது அது உலகத்தைப் பார்த்து வரைவதில்லை. கட்டின துணியைப் பார்த்து வரைகிறது.

சரி, வகுப்பறையில் ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் தெரிகிறது, அதனால்தான் இப்படி என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டு போனால் இது மாறிவிட வேண்டாமா? பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

திருச்சியிலிருந்து துறையூர்ச் சாலையில், கொள்ளிடத்தைத் தாண்டி, மண்ணச்சநல்லூர் வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருவெள்ளறை. 'அறை' என்றால் பாறை. வெண்மையான பாறையின் மேல் கோயில் கட்டியதால் வெள்ளறை. நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று, பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம், மூலவர் புண்டரீகாட்சர். 'புண்டரீகாட்சர்' என்ற திருநாமத்துக்குத் தாமரைக் கண்ணர் என்று அர்த்தம். கண்ணுக்காகவே பெயர் பெற்ற பெருமாள் எழுந்தருளியிருக்கும் ஊரில்தான் நான் கண்ணைக் கட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை. கோயிலின் வெளி மண்டபத்தில் நிழலுக்காக உட்கார்ந்திருந்தேன். ஒரு பஸ் வந்து நின்றது. சுமார் நாற்பது பிள்ளைகள் இறங்கினார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்பது இங்கே முக்கியமில்லை. எந்தப் பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம். பாறைமேல் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "தலைப்பு: இயற்கைக் காட்சி. நேரம்: முப்பது நிமிஷம். முதல் மூன்று படத்துக்குப் பரிசு" என்று அறிவித்தார்கள். எனக்கு அளவற்ற சந்தோஷம். அடடா, பிள்ளைகளை வெட்டவெளியில் உட்கார வைத்து வரையச் சொல்லவும் நம் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று எழுந்துபோய்ப் பின்னால் நின்று பார்த்தேன்.

நாற்பது தாளிலும் இரண்டு மலை, ஒரு சூரியன்.

எதிரே கோட்டைச் சுவர் போல் மதில் உயர்ந்து நிற்கிறது. முன்னால் கட்டி முடிக்கப்படாமல் நின்றுபோன பெரிய கோபுர வாசல், மொட்டையாக, தன் அகலத்தாலேயே ஆளை மிரட்டுகிறது. பாறையில் ஆட்டுக்குட்டிகள் தாவுகின்றன. ஒரு பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? வரைய வேண்டியது மனப்பாடமாக இருக்கிறதே! வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை எதிரில் இருப்பவர் முகத்தையா பார்க்கிறது?

கடைசி வரிசையில் மட்டும் ஒரு சின்னப் பெண். அவள் தாளில் மலையே இல்லை. பட்டையாக ஒரு கோபுர வாசல், அதன் தலை வெட்டின மாதிரி நிற்கிறது; கீழே ஓர் ஆடு. மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்த ஆசிரியை குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, மலை எங்கே?"

"மலை மேலேதானே டீச்சர் உட்கார்ந்திருக்கோம்?"

"சரி, கோபுரத்தை ஏன் பாதியிலே விட்டுட்டே? முடி."

"அது பாதிதான் டீச்சர் இருக்கு."

ஆசிரியை சிரித்துவிட்டு நகர்ந்தார். கெட்ட மனுஷி அல்ல, களைத்துப்போன மனுஷி. ஆனால் பரிசு வேறு மூன்று பேருக்குப் போயிற்று. மூன்றிலும் இரண்டு மலை. அந்தப் பெண் சும்மா கைதட்டினாள். அடுத்த தடவை அவளும் இரண்டு மலை போடுவாள். அவள் கெட்டிக்காரி, சீக்கிரம் கற்றுக்கொள்வாள். எனக்கு வயிறு எரிந்தது அதற்காகத்தான். நாற்பது பேரில் ஒருத்தி நிஜத்தைப் பார்த்தாள், பார்த்ததைக் கூசாமல் சொன்னாள். அவளைத்தான் நாம் அன்று தோற்கடித்து அனுப்பினோம். நாளைக்கு இந்தப் பெண் கணக்கு எழுதலாம், சாட்சி சொல்லலாம், நோயாளிக்கு மருந்து கொடுக்கலாம். பாதிதான் இருக்கிறது என்றால் பாதி என்று சொல்லுகிற ஆள் எங்கேதான் வேண்டாம்?

அந்தத் தாள்களில் இருந்த சூரியனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திருவெள்ளறைக் கோயிலில் உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு வாசல்கள் உண்டு. தை மாதத்திலிருந்து ஆனி வரைக்கும் ஒரு வாசல் வழியாகப் போக வேண்டும். ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் மற்றொரு வாசல். சூரியன் வடக்கே நகர்கிறான், பிறகு தெற்கே திரும்புகிறான். அவன் போக்கைப் பார்த்து, அதற்குத் தக்கபடி கதவு திறக்க வேண்டும் என்று நம் முன்னோர்கள் கல்லிலே திட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோயிலின் வாசலில் உட்கார்ந்துகொண்டு நாற்பது பிள்ளைகள், வடக்கும் போகாத தெற்கும் போகாத, இரண்டு மலைக்கு நடுவில் நிரந்தரமாகச் சிக்கிக்கொண்ட ஒரு சூரியனை வரைகிறார்கள். உண்மைச் சூரியன் அவர்கள் பிடரியைச் சுட்டுக்கொண்டிருக்கிறான்!

கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கிணறு இருக்கிறது. பல்லவ அரசன் தந்திவர்மன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 800-ஐ ஒட்டி, ஆலம்பாக்கத்து விசையநல்லூழானின் தம்பி கம்பன் அரையன் வெட்டுவித்தது. மாற்பிடுகு பெருங்கிணறு என்று அதற்குப் பெயர். நாலு பக்கமும் படிகள் இறங்கி, ஒவ்வொன்றும் ஒரு முழங்கை மாதிரி மடங்குகிறது. மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். ஒரு படித்துறையில் நிற்பவருக்கு அடுத்த படித்துறையில் நிற்பவரைத் தெரியாது. ஒரு சித்திரக்காரப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேறெங்கே கிடைக்கும்? எது தெரிகிறது, எது மறைகிறது, ஓர் அடி நகர்ந்து நின்றால் என்ன மாறுகிறது என்பதைக் கல்லும் நிழலும் தாமே சொல்லிக்கொடுக்கும். அந்தப் பிள்ளைகள் கிணற்றையும் பார்த்தார்கள். எப்படி? எட்டிப் பார்த்தார்கள், கத்தி எதிரொலி வருகிறதா என்று சோதித்தார்கள், செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள், பஸ்ஸில் ஏறினார்கள். மத்தியானத்துக்குள் சமயபுரம், அதன் பிறகு ஸ்ரீரங்கம், சாயங்காலம் முக்கொம்பு என்று திட்டம் காத்துக்கொண்டிருந்தது. ஒரே நாளில் ஐந்து இடம் காட்டினோம் என்று பெற்றோர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் அல்லவா?

பெற்றோர்களே, நீங்கள்தான் அந்தக் கணக்கைக் கேட்கிறீர்கள். கொடுத்த பணத்துக்கு எத்தனை இடம் என்று கேட்கிறீர்கள். ஐந்து இடத்தில் இறங்கி ஏறின பிள்ளை ஓர் இடத்தையும் பார்க்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கிறது? ஹோட்டலில் ஐந்து பலகாரத்தின் பெயரை மட்டும் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பசி அடங்கியிருக்குமா?

இனி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"போட்டோ எடுத்துக்கொண்டால் போதாதா? ஒரு நொடியில் ஒரு கோடுகூட விடாமல் பதிவாகிவிடுகிறதே!" என்கிறார்கள். பதிவாவது போனில். நான் கேட்பது பிள்ளையின் மனசில் பதிவாவதைப் பற்றி. சில்பியை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாமக்கல்லில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, 'ஆனந்த விகட'னில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று வாரந்தோறும் நம் கோயில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த மகான். அவர் காலத்திலும் காமிரா இருந்தது. ஆனாலும் ஒரு தூணின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணிக்கணக்கில் கண் எடுக்காமல் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தார். அதனால்தான் அவர் படத்தைப் பார்த்த பிறகு கோயிலுக்குப் போனவர்கள், முன்பு நூறு தடவை கடந்துபோன சிலையை முதல் தடவையாகப் பார்த்தார்கள். வரைவது என்பது மெதுவாகப் பார்ப்பது. மெதுவாகப் பார்க்காத எதுவும் நமக்குச் சொந்தமாவதில்லை.

பிரெஞ்சு தேசத்து மோனே என்ற ஓவியர் 1890-லும் 1891-லும் தம் வீட்டருகே வயலில் நின்ற தானியப் போர்களையே இருபதுக்கு மேற்பட்ட படங்களாகத் தீட்டினார். காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம், பனியில் ஒரு நிறம். மண்ணச்சநல்லூர் வயலில் இல்லாத போரா? இப்போது இயந்திரம் வைக்கோலைப் பாய் மாதிரி உருட்டிப் போட்டுவிட்டுப் போகிறது. அறுப்புக்குப் பிறகு அந்த உருளைகள் வயல் முழுக்கக் கிடக்கின்றன. வரைய வேண்டியவை அவை. சீனரியில் அவற்றுக்கு இடம் உண்டா?

"எல்லாப் பிள்ளைக்கும் திறமை இருக்குமா?" என்பது இரண்டாவது வாதம். நான் ஓவியர்களை உற்பத்தி செய்யச் சொல்லவில்லை. தமிழ் வகுப்பில் எல்லாரும் கம்பர் ஆவதற்காகவா கட்டுரை எழுதச் சொல்கிறோம்? தன் மனசில் உள்ளதை நாலு வரி தெளிவாக எழுதத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான். அதுபோலத் தன் கண்ணில் பட்டதை நாலு கோட்டில் போடத் தெரிந்தால் போதும். கோணலாக இருக்கட்டும், ஆடு நாய் மாதிரி இருக்கட்டும். அந்தக் கோணல் அவனுடைய கோணலாக இருக்கவேண்டும்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. அதைச் சொல்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். "மாதிரியைப் பார்த்துப் போடுவதில் என்ன தப்பு? நம் வீட்டுப் பெண்கள் கோலம் போடுகிறார்களே, அதுவும் பழகின மாதிரிதானே? ஸ்தபதி சிலை செய்யும்போது தாளமானம் பார்த்துத்தானே செய்கிறார்? நம் மரபே மாதிரியைப் பின்பற்றும் மரபு அல்லவா?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. ஆனால் கோலத்தையும் சீனரியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கோலம் எதிரில் இருக்கும் எதையும் பார்த்துப் போட்டதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அதற்குப் புள்ளிக் கணக்கு உண்டு, இழைக்கும் விதி உண்டு. அந்த விதி தெரிந்த கை, நாளைக்கொரு புதுக் கோலம் போடுகிறது. ஸ்தபதிக்கும் அப்படித்தான். அளவு சாஸ்திரம் சொல்கிறது. ஆனால் இந்தக் கல் எப்படி உடையும், இந்த மாலை தோளில் எப்படி விழும் என்று அவர் பார்க்காமல் உளியைத் தொட முடியாது. மாதிரி அவர் கண்ணைத் திறந்துவிடுகிறது. சீனரிக்கு ஒரு விதியும் கிடையாது, ஒரு கணக்கும் கிடையாது. அதிலிருந்து இன்னொன்று பிறக்காது. அது மரபு அல்ல, மலடு.

நம் மரபு எது என்று தெரியவேண்டுமானால் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் போய்ச் சித்தன்னவாசலில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், குகையின் விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம் தீட்டியிருக்கிறார்கள். மீன் துள்ளுகிறது, எருமை தண்ணீரில் கிடக்கிறது, யானை இறங்குகிறது, பறவைகள் மேய்கின்றன, ஒருவர் பூப்பறித்துக் கையில் பிடித்திருக்கிறார். தாமரை இலை சில நிமிர்ந்தும், சில மடிந்தும் இருக்கின்றன. ஏதோ ஒரு குளக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்த மனிதனின் கை அது. திருவெள்ளறைக் கிணறு வெட்டிய அதே நூற்றாண்டு. அந்த மனிதனுடைய பேரப்பிள்ளைகளுக்குத்தான் நாம் பனிமலை வரையக் கற்றுக்கொடுக்கிறோம்.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். நிலத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்த வேறு மொழி எனக்குத் தெரிந்து இல்லை. தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நிலத்தை வகுத்தது. பாலையையும் சேர்த்து ஐந்திணை என்றோம். இந்த நிலத்துக்கு இந்த மரம், இந்தப் பறவை, இந்தப் பொழுது, இந்த மனநிலை என்று சொன்னோம். குறிஞ்சிக்கு உரிய பூவை நெய்தலில் கொண்டுபோய் வைத்தால் புலவர்கள் காரணம் கேட்பார்கள். ஐந்து நிலம் வகுத்த மொழியில் பேசுகிற பிள்ளைகள், ஐந்தையும் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு, எந்த நிலமும் இல்லாத ஒரே ஒரு சீனரியில் வந்து நிற்கிறார்கள். தேர்வில் ஐந்திணையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள், பிரமாதமாக எழுதுவார்கள். கொள்ளிடக் கரையில் நிற்க வைத்து, "இது எந்தத் திணை?" என்று கேட்டுப் பாருங்கள்!

இதற்கெல்லாம் டிராயிங் மாஸ்டரைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். அவரை நாம் என்ன நிலைமையில் வைத்திருக்கிறோம்? 2012-ஆம் வருஷம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், இசை, உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பிற்பாடு அந்தத் தொகை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அதற்கும் அவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. கண்ணைத் திறந்துவிடுகிற உபாத்தியாயருக்கு நாம் போட்ட விலை அது. தனியார் பள்ளிகளில் சம்பளம் வேறாக இருக்கலாம்; மரியாதை அதே அளவுதான். கணக்கு வாத்தியாருக்குப் பாடவேளை குறைந்தால் முதலில் கடன் வாங்குவது டிராயிங் வகுப்பைத்தானே? அரை நாள் மனிதரிடம் முழுப் பார்வையை எப்படி எதிர்பார்ப்பது?

இந்த நோய்க்கு வேர் இன்னும் பழையது. சென்னையில் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் ஓவியப் பள்ளி தொடங்கியது 1850-இல். கைத்தொழிலுக்கு உதவும் கைகளைப் பழக்குவதே அந்தக் காலத்துச் சித்திரப் படிப்பின் நோக்கம். அச்சிட்ட மாதிரியைப் பார்த்துப் பிசகாமல் கோடு இழுத்தால் போதும் என்று இருந்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான், மாதிரி போகவில்லை. அதே பள்ளிக்கூடம் பிற்பாடு 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரியைத் தலைவராகப் பெற்றது. அவருக்குப் பின் 1957-இல் கே. சி. எஸ். பணிக்கர் வந்தார். புரியாத படம் போடுகிறார் என்று சிலர் பணிக்கரைக் கேலி செய்தார்கள். எழுத்தும் குறியீடுமாகப் பிற்காலத்தில் வரைந்த அந்தப் பணிக்கர், இளமையில் நிலக்காட்சிகளை நீர்வர்ணத்தில் தீட்டித்தான் கையைப் பழக்கிக்கொண்டார். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ், மாணவர்களை மரத்தடிக்கும் வயலுக்கும் அழைத்துக்கொண்டு போனார். போகிற இடமெல்லாம் அஞ்சலட்டை அளவுத் தாளில் கண்டதை வரைந்துகொண்டே இருந்தார். அவரிடம் படித்த தேவி பிரசாத் 1944-இல் சேவாகிராமத்துக்குப் போய்க் காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பள்ளியில் கிராமத்துக் குழந்தைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தார். ஆதாரக் கல்வியில் சித்திரம் எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆகவே, நம் தேசத்தில் இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நடந்திருக்கிறது. நாம்தான் கைவிட்டோம்.

கைவிட்டதால் என்ன நஷ்டம்? ஒரு படம் நன்றாக வராததுதானா நஷ்டம்?

ஒரு குளத்தின் கரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதை வரைந்த பிள்ளைக்கு, அந்தக் குளம் எங்கே வளைகிறது, எந்த மூலையில் படித்துறை இடிந்திருக்கிறது, எந்த மரத்தின் நிழல் தண்ணீரில் விழுகிறது என்பதெல்லாம் தெரியும். பத்து வருஷம் கழித்து ஒருநாள் அந்தக் குளத்தில் லாரி லாரியாக மண் கொட்டினால், "இங்கே ஒரு குளம் இருந்ததே!" என்று அந்தப் பிள்ளை கேட்கும். சீனரி வரைந்த பிள்ளை கேட்காது. ஏனென்றால் அதன் ஆறு எங்கேயும் ஓடவில்லை. அதன் மலையை யாரும் ஜல்லிக்காக உடைக்க முடியாது. அதன் சூரியன் என்றைக்கும் பத்திரமாக இருக்கிறான். நிஜ ஆற்றில் மணல் போனால் அதற்கென்ன? நிஜப் பாறை கல்குவாரியானால் அதற்கென்ன? பார்க்காத பொருளை இழக்க முடியாது. கொள்ளை அடிப்பவர்களுக்கு, கண் இல்லாத ஊரைவிட வசதியான ஊர் வேறு எது?

இவ்வளவு சொன்னபிறகு, செய்ய வேண்டியதையும் சொல்லாமல் விட்டால் அது வெறும் வசைபாடல் ஆகிவிடும். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

சுற்றுலாவுக்கு ஐந்து இடம் வேண்டாம். ஓர் இடம் போதும். ஆளுக்கு ஓர் அட்டை, நாலு தாள், ஒரு பென்சில். வர்ணப் பெட்டி வேண்டாம். முக்கியமாக, இளஞ்சிவப்புக் குச்சிக்குத் 'தோல் நிறம்' என்று பெயர் வைத்து நம் பிள்ளைகளின் கறுப்புக் கையிலேயே கொடுக்கும் அந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம். ரப்பரும் வேண்டாம், தப்பான கோடு இருந்துவிட்டுப் போகட்டும், பக்கத்தில் சரியான கோட்டைப் போடட்டும். மதில் நிழலில் உட்கார வைத்தால் வெயிலுக்கும் பயமில்லை. கிணற்றடியில் பெரியவர் ஒருவர் கூடவே நிற்கட்டும். முதல் கால் மணி நேரம் பென்சிலைத் தொடவிடாதீர்கள். சும்மா பார்க்கட்டும். பிறகு மூன்றே கேள்வி கேளுங்கள்: நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? உனக்கு ரொம்பக் கிட்டத்தில் இருப்பது எது? இங்கே வருவதற்கு முன் நீ நினைத்தே பார்க்காத பொருள் எது? இதற்குப் பதில் சொல்லத் தொடங்கிய பிள்ளையால் இரண்டு முக்கோணம் போட முடியாது, கை வராது.

ஆசிரியரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து வரையட்டும். அவர் படம் கோணலாக வந்தால் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், முதல் மார்க் இரண்டாம் மார்க் வேண்டாம். டில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-இல் குழந்தைகளுக்குச் சித்திரப் போட்டி தொடங்கினாரே என்று கேட்பீர்கள். அவர் நோக்கம் உயர்ந்தது. நம் ஊர்ப் போட்டிகளில் பாதி, அப்பாவின் கையும் அம்மாவின் ஷேடிங்கும் பரிசு வாங்குகிற போட்டிகளாக அல்லவா ஆகிவிட்டன! எல்லாப் படத்தையும் வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். நாற்பது பிள்ளை வரைந்த ஒரே கோபுரம் நாற்பது விதமாக இருப்பதை அவர்களே பார்க்கட்டும். அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

கடைசியாக ஒன்று. ஒரே இடத்துக்கு இரண்டு தடவை போங்கள். தை மாதத்தில் ஒரு தடவை, ஆடி பிறந்த பிறகு ஒரு தடவை. திருவெள்ளறைக்கே போங்கள். முதல் தடவை ஒரு வாசல் திறந்திருக்கும், மறு தடவை மற்றது திறந்திருக்கும். முன்பு வரைந்த படத்தைக் கையில் கொடுத்து, அதே பாறையில், அதே இடத்தில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். நிழல் இடம் மாறியிருக்கிறதா என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எவனாவது ஒரு பையன் எழுந்து நின்று, "சார், சூரியன் நகர்ந்துட்டான்!" என்று கத்துவான்.

அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுலாச் செலவு முழுவதும் வட்டியோடு திரும்பிவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.